கறுப்புக் கோட்டும் கப்பல் மணியும்

போர்ட்லாஸி
18 அக்டோபர் 1943

திரு. டங்கன் ரெய்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. எனக்கு வருவதற்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்தது. உறையில் வெறுமனே 'ஜேம்ஸ் மெயர், போர்ட்லாஸி' என்று எழுதினால் என்ன ஆகும் என்று, என் மகள் ஆக்னஸைக் கட்டி ஒன்றரை வருஷம் ஆன மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இந்தக் கடற்கரையில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஜேம்ஸ் மெயர் தலையில்தான் விழும். அதற்காகத்தான் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் வைத்திருக்கிறோம். தபால்காரன் முதலில் 'ரொட்டி' ஜேம்ஸ் வீட்டில் கொடுத்திருக்கிறான். அவன் மனைவி பிரித்து முழுக்கப் படித்துவிட்டு, "இது நமக்கில்ல" என்று 'செவிடு' ஜேம்ஸிடம் அனுப்பியிருக்கிறாள். செவிடனுக்குப் படித்துக் காட்டினால் எப்படிப் படிக்க வேண்டும்? தெருவே கேட்டது.

மீன் உப்பிடும் கொட்டகையில் என்னைப் பார்த்து, "என்ன கொக்கு, பேத்திக்குப் போர்க்கப்பல் மணியில தண்ணி ஊத்தி ஞானஸ்நானமாமே?" என்று ஒருத்தி சிரித்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: முடியாது. மணியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதில் தண்ணீர் ஊற்றி, கப்பல் தட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது உங்கள் கடற்படையில் பெரிய கௌரவமாக இருக்கலாம். பிள்ளையின் பெயரை மணிக்குள் வெட்டி வைப்பீர்களாம். வையுங்கள், மற்றவர்கள் பிள்ளைகளுடையதை. என் பேத்திக்கு அவள் பாட்டியின் பெயர், எல்ஸ்பெத், எங்கள் ஊர்க் கோயிலில் வைத்துத்தான்.

நாசகாரிக் கப்பல்களோடு எனக்கு எந்த ஒட்டும் உறவும் வேண்டாம். போன யுத்தத்தில் அவற்றில் ஒன்று என் வலைகளின் நடுவே கிழித்துக்கொண்டு போனது. நின்று பார்க்கக்கூட இல்லை. இந்த யுத்தத்தில் கண்ணிவெடி பொறுக்க வேண்டும் என்று என் படகையே எடுத்துக்கொண்டார்கள். மகளையும் கடற்படைக்காரர் ஒருவரே எடுத்துக்கொண்டார். அவர் மீனவர்கூட இல்லை, டர்னிப் வயலில் குதிரை ஓட்டியவர். இனி என்னிடம் மிச்சமிருப்பது பேத்தி ஒருத்திதான்.

ஜேம்ஸ் மெயர் (கொக்கு)

---

எச்.எம்.எஸ். ஹார்க்னஸ்
கடலில்
21 நவம்பர் 1943

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உறை விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். இந்த முறை 'கொக்கு' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். எங்கள் கடிதங்களைப் படித்துக் கத்தரி போடும் அதிகாரி, "இது என்ன ரகசியக் குறியா?" என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். மாமனாருடைய பெயர் என்றேன். சிரித்தபடியே விட்டுவிட்டார்.

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். திட்டுவதாக இருந்தால் 'நீ' என்றே திட்டுங்கள், மாமா. கேட்க நன்றாக இருக்கும்.

எங்கே இருக்கிறோம் என்று சொல்லக் கூடாது. பீரங்கியில், கயிற்றில், ஏணியில் எல்லாம் பனிக்கட்டி பிடித்துக்கொள்ளும் இடம் என்று மட்டும் சொல்கிறேன். வெட்டாமல் விட்டால் கனம் தாங்காமல் கப்பல் கவிழ்ந்துவிடும். அதிகாரி, சமையல்காரன் என்றெல்லாம் பேதமில்லை, எல்லோர் கையிலும் கோடரி. உறைந்த மண்ணில் டர்னிப் கொத்தியவன் நான். முன்பக்கப் பீரங்கிக்காரர் ஃபின்லே என்னைப் பார்த்து, "டேய் உழவா, இன்னிக்குத்தான்டா நீ பொறந்ததுக்கு ஒரு அர்த்தம் இருக்கு" என்றார். மற்ற நாட்களில் பாய்லர் அறையில் ஒரு கையில் வால்வையும் மறு கையில் வாளியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கடல் எனக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, வாளி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஆக்னஸ் சொல்லியிருப்பாள்.

போன பயணத்தில், மூழ்கிய சரக்குக் கப்பல் ஒன்றின் ஆட்களைத் தூக்கினோம். எண்ணெய் அப்பிய ஒருவனை என் படுக்கையில் கிடத்தினேன். கண்ணைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு பெயர் கேட்டான். தன் பெயரையும் சொன்னான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மணியைப் பற்றி ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா பண்ணையாள். வேலைத் தவணை முடிந்ததும் வண்டியில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவோம். நான் பிறந்த வீடு எது என்று என் அம்மாவுக்கே நிச்சயமில்லை. எங்கள் ஆட்கள் பெயர் ஒரு கதவிலும் இல்லை, ஒரு கல்லறையிலும் இல்லை. இந்தக் கப்பலின் மணிக்குள் ஃபின்லேயின் இரட்டைப் பிள்ளைகள் பெயர் வெட்டியிருக்கிறது. விரலை உள்ளே விட்டுத் தடவினால் தெரியும். வெண்கலம், மாமா. அழியாது. என் மகள் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புடன்
டங்கன்

---

போர்ட்லாஸி
9 ஜனவரி 1944

டங்கன்,

நீ என்றே எழுதுகிறேன். கேட்டு வாங்கிக்கொண்டாய்.

இத்துடன் காலுறைகள் அனுப்பியிருக்கிறேன். நானே பின்னியவை. படகு இல்லாதவனுக்கு வேறென்ன வேலை? ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். அதை வாளி பிடிக்கும் பக்கத்துக் காலில் போட்டுக்கொள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் வடக்கே நடந்த சண்டையைப் பற்றி ரேடியோவில் சொன்னார்கள். கப்பல் பெயர்கள் சிலவற்றை வாசித்தார்கள், உன்னுடையது இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஆக்னஸ் கஞ்சியைத் தீய விட்டாள். தீய்ந்த கஞ்சியை நான் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தேன். இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

அவள் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமா என்று கேட்பாள், அவ்வளவுதான். பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. "அவ அப்பா சொன்ன இடத்தில நடக்கும், இல்லன்னா நடக்கவே நடக்காது" என்கிறாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கறுப்புக் கோட்டுக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் நிற்பவர். மீன் பிடிக்கிறவர்கள் அந்தப் பதவியின் பெயரை வாயால் சொல்ல மாட்டோம், எழுதவும் மாட்டோம். அவர் நல்ல மனிதர்தான். தேநீர் குடித்துவிட்டு, "கப்பல்ல குடுத்தாலும் அது ஞானஸ்நானந்தான் ஜேம்ஸ், எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பக்கம் பேசுவார் என்று கேக் வேறு கொடுத்திருந்தேன்.

ஆனாலும் முடியாது.

பிள்ளைக்கு உன் காது. பாவம்.

ஜேம்ஸ் மெயர்

---

எச்.எம்.எஸ். ஹார்க்னஸ்
12 மார்ச் 1944

மாமா,

காலுறைக்கு நன்றி. அதோடு நல்ல வார்த்தை தீர்ந்தது.

உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடக் கூடிய துறைமுகத்துக்கு வந்தோம். ஆக்னஸுக்குத் தந்தி கொடுத்தேன். முன்பக்கம் முதல் பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்க இடமில்லை என்று, ஃபின்லேயும் நானும் மணியை அங்கிருந்து கழற்றிப் பின்தட்டுக்குக் கொண்டுவந்து, கவிழ்த்து நிறுத்துவதற்கு ஒரு சட்டமும் அடித்தோம். சமையல்காரன் எங்கிருந்தோ சர்க்கரை திரட்டிக் கேக் செய்தான். கேப்டன் சுத்தமான காலர் போட்டுக்கொண்டு வந்தார். பாதிரியாரும் வந்து நின்றார். எல்லோரும் அரை நாள் காத்திருந்தோம்.

ஆக்னஸ் எழுதியிருக்கிறாள். அவள் பஸ்ஸில் பையை வைத்துக்கொண்டிருந்தபோது, "குடும்மா, தூக்கிக்கிறேன்" என்று பிள்ளையை வாங்கி, வாங்கிய கையோடு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டீர்களாம். அவள் பின்னால் ஓடி வந்திருக்கிறாள். பஸ் போய்விட்டது, அன்றைக்கு வேறு பஸ் இல்லையாம்.

நான் மீனவன் இல்லை என்பதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யுங்கள். ஆனால் என் மகளை என் கண்ணிலிருந்து தூக்கிக்கொண்டு போக நீங்கள் யார்? அவளை நான் இன்னும் பார்த்ததே இல்லை.

கேக்கைப் பாய்லர் அறையில் தின்றோம். மணியைத் திரும்ப முன்னால் மாட்டப் போனேன். ஃபின்லேதான் தடுத்தார். "விட்றா, அங்கேயே கெடக்கட்டும். கெழவன் மனசு மாறாமலா போயிடும்?" என்றார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

டங்கன் ரெய்ட்

---

போர்ட்லாஸி
20 மார்ச் 1944

டங்கன்,

உன் கடிதத்தை ஆக்னஸ் எனக்கே படித்துக் காட்டினாள். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. இருந்தாலும் அவள்தான் படித்தாள், ஒவ்வொரு வார்த்தையாக.

காரணத்தைச் சொல்கிறேன். கோயில், பாட்டி பெயர், கிழிந்த வலை என்று நான் அடுக்கியதெல்லாம் சாக்குதான்.

எங்களில் யாரும் கறுப்புக் கோட்டைப் படகில் ஏற்ற மாட்டோம். படகுக்குப் போகும் வழியில் எதிர்ப்பட்டாலே திரும்பிவிடுவோம். என் தம்பி ஆர்ச்சி இதையெல்லாம் நம்பாதவன். புதிதாக நீராவி எஞ்சின் வைத்த படகு வாங்கியதும், அப்போதிருந்த கறுப்புக் கோட்டுக்காரரை ஏற்றிக் காட்டினான். இருவரும் தட்டில் நின்று டீ குடித்தார்கள். அந்த வாரமே ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. கடல் அன்று கண்ணாடிபோல இருந்தது. அவன் மனைவிக்குச் செய்தி சொல்ல நான்தான் போனேன்.

படித்தவர்கள் சிரிப்பார்கள், நீயும் சிரி. ஆனால் அந்தத் தந்தியில் உங்கள் கறுப்புக் கோட்டுக்காரர் கப்பலுக்கு வருகிறார் என்று பார்த்ததும் எனக்கு ஆர்ச்சிதான் நினைவுக்கு வந்தான். பிள்ளை போகாவிட்டால் அவருக்கும் அங்கே வேலை இல்லை, ஏற மாட்டார் என்று நினைத்தேன். அதனால்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். பேத்திக்காக இல்லை. உனக்காக.

எனக்கு இருப்பது ஒரே மகள். ஒரே மாப்பிள்ளை. குதிரைக்காரனாக இருந்தாலும் அவன் கரை வந்து சேர வேண்டும்.

ஜேம்ஸ்

---

எச்.எம்.எஸ். ஹார்க்னஸ்
2 மே 1944

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கடைசி வரியை இன்னும் அதிகம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எங்கள் பாதிரியார் ஞானஸ்நானத்துக்காகக் கரையிலிருந்து வந்தவர் இல்லை. எங்களோடு கூட்டமாகப் போகும் கப்பல்களில் அவர் மாறி மாறிப் பயணம் செய்கிறவர். பனிக்கட்டி வெட்டும்போது எனக்கு அடுத்த கோடரி அவருடையது. எண்ணெயில் கிடந்த அந்த ஆளைத் தூக்கும்போது கால் பக்கம் பிடித்தவரும் அவரே. இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். எனக்கு மேல் கட்டிய தொங்கு படுக்கையில் தூங்குகிறார், குறட்டை வேறு.

உங்கள் தம்பி கதையை அவரிடம் சொன்னேன், மன்னிக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. "ஒங்க மாமனாருக்கு எழுதுப்பா, கோட்டக் கழட்டி வச்சுட்டுத்தான் ஏறினேன்னு" என்றார்.

நம் சண்டை போதும், மாமா. பிள்ளைக்கு உங்கள் கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள். ஆக்னஸுக்கும் எழுதிவிட்டேன். பெரிய வேலை ஒன்று வருகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. அதற்குப் போகும்போது உங்களோடு மனத்தாங்கல் வேண்டாம்.

டங்கன்

---

போர்ட்லாஸி
24 ஜூன் 1944

டங்கன்,

குறட்டை விஷயத்தை நீ எழுதியிருக்கவே வேண்டாம். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை.

பிரான்ஸ் கரையில் நம் ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஆக்னஸ் சம்மதித்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். நீ கேட்டது நடக்காமல் இருந்தால், அதை நடத்தி வைக்க நீ வந்துதானே ஆக வேண்டும்? கிழவன் கணக்கு இப்படித்தான் போகிறது.

தினமும் தபால்காரனுக்கு எதிரே போய் நிற்கிறேன். ஒரு வரி போடு. வெறும் உறை வந்தாலும் போதும்.

மாமா

---

இங்கிலாந்தில் ஒரு துறைமுகம்
3 ஜூலை 1944

அன்புள்ள மாமா,

உயிரோடு இருக்கிறேன். முன்கை வெந்திருக்கிறது, ஆறிவிடும். தாமதத்துக்கு அதுதான் காரணம். இதை எழுதுவது பாதிரியார், நான் பக்கத்தில் படுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். (ஐயா, வணக்கம். கோட்டு ஆணியில் தொங்குகிறது.)

கரையைக் காத்து நின்றபோது கண்ணிவெடியில் மாட்டினோம். கப்பலின் முன்பக்கம் போய்விட்டது, முதல் பீரங்கியோடு சேர்த்து. ஃபின்லே அங்கேதான் இருந்தார். இன்னும் பலர் இருந்தார்கள். அவர்கள் யாரும் கிடைக்கவில்லை.

முன்னால் போனால் தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே வரும். கேப்டன் கீழே வந்து, "பசங்களா, பின்பக்கமாவே வீட்டுக்குப் போறோம். நீராவி தர முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றோம். ஹார்க்னஸ் முதுகு காட்டியபடியே கடலைக் கடந்து வந்தது. பயந்த குதிரையைக் கொட்டிலிலிருந்து பின்னுக்கு நடத்தி வெளியே கொண்டுவருவது எனக்குப் பழக்கம். அவசரப்படுத்தக் கூடாது. அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நீராவி விட்டோம். எனக்கு ஒரு தடவைகூட வாந்தி வரவில்லை, மாமா. அந்த நினைப்பே வரவில்லை.

இப்போது முக்கியமானது. மணி எப்போதும் இருந்தது முதல் பீரங்கிக்குப் பக்கத்தில். மார்ச்சில் நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்ததால் அது பின்தட்டிலேயே நின்றுவிட்டது. ஞானஸ்நானம் அன்று நடந்திருந்தால் சாயங்காலமே பழைய இடத்தில் மாட்டியிருப்போம். ஃபின்லேயோடு போயிருக்கும். அவர் பிள்ளைகள் பெயரும் போயிருக்கும்.

ஃபின்லேயை நினைத்து அழுகிறேன். மணியைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி அழுகிறேன்.

கப்பலைச் சரிசெய்ய மாதக்கணக்கு ஆகுமாம். எனக்கு விடுப்பு உண்டு. கேப்டன் மணியைக் கொண்டுபோக அனுமதி தந்திருக்கிறார். இனி மணியும் கரையில், கறுப்புக் கோட்டும் கரையில். என்ன சொல்கிறீர்கள்?

டங்கன்

---

போர்ட்லாஸி
8 ஜூலை 1944

மாப்பிள்ளை,

வா. உடனே வா.

மணியைக் காப்பாற்றினேன் என்று பெருமையடிக்க எனக்கு வாய் வரவில்லை. பயத்தில் செய்த காரியம் அது. ஃபின்லே என்னைக் கிழவன் என்றாலும் மனம் மாறுவேன் என்று நம்பினார். அவர் மனைவிக்கு ஆக்னஸ் எழுதிவிட்டாள். அவளும் இரட்டைப் பிள்ளைகளும் வருகிறார்கள். எங்கள் வீட்டிலேயே தங்குவார்கள். அப்பா பெயரைச் சொல்லிக் கொஞ்ச ஆள் வேண்டும் அந்தப் பிள்ளைகளுக்கு.

ரயிலடிக்கு மீன் வண்டியோடு நானே வருகிறேன். மணியை வேறு யாரும் தொடக் கூடாது. உங்கள் கறுப்புக் கோட்டுக்காரரையும் அழைத்து வா. எங்கள் ஊர்க்காரரும் அவரும் சேர்ந்து நடத்தட்டும். கடற்கரைப் பக்கம் மட்டும் இருவரும் தலை காட்டக் கூடாது, பையன்கள் படகு இறக்கும் சமயம்.

இன்னொரு சமாசாரம். உன் கடிதத்தை இந்த முறை நானே செவிட்டு ஜேம்ஸ் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன், நல்ல சத்தமாக. எல்லாம் கேட்டுவிட்டு அவன், "பின்னாலேயே ஓட்டிட்டு வந்துட்டானா? உழவன் புள்ளயா? அட பின்னோட்டி" என்றான். மறுநாள் காலையில் கொட்டகையில் எல்லோரும், "பின்னோட்டி எப்ப வர்றான் கொக்கு?" என்று கேட்கிறார்கள். குழந்தைகள் தெருவில் பின்னால் நடந்து விளையாடுகின்றன.

உனக்கு இது கேலியாகப் படலாம். இந்தக் கடற்கரையில் பட்டப்பெயர் இல்லாதவன் விருந்தாளி. பட்டப்பெயர் வந்தவன் ஊர்க்காரன். இனி உனக்கு எழுதும் உறைகளில் அதையும் சேர்த்தே எழுதுவேன், உங்கள் அதிகாரி என்ன கேட்டாலும் சரி.

மணிக்குள் வெட்டும்போது 'எல்ஸ்பெத் ரெய்ட்' என்று மட்டும் வெட்டினால் போதாது. நாளைக்கு எத்தனை எல்ஸ்பெத் வருவார்களோ. 'பின்னோட்டி மகள்' என்று சேர்த்து வெட்டச் சொல்.

உன் மகள் இப்போது என் மடியில் இருக்கிறாள். பேனாவைப் பிடுங்குகிறாள்.

மாமா

---

எச்.எம்.எஸ். ஹார்க்னஸ்
16 ஏப்ரல் 1946

அன்புள்ள மாமா,

ஹார்க்னஸிலிருந்து எழுதும் கடைசிக் கடிதம் இது. நாளைக்குக் கப்பல் உடைக்கும் இடத்தில் கொண்டுபோய் விடுகிறோம்.

கேப்டன் எல்லோரையும் பின்தட்டில் நிறுத்திக் கப்பலின் சேவை வரலாறு என்று அரைத்தாள் படித்தார். வடக்குக் கடல், அட்லாண்டிக், பிரான்ஸ் கரை, அப்புறம் கிழக்கே நாங்கள் வெயிலில் வெந்தது, எல்லாம் இருந்தது. கோடரியும் எண்ணெயில் கிடந்தவனும் சமையல்காரனின் கேக்கும் அதில் இல்லை. உங்கள் காலுறையும் இல்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் அவரவர் பங்கை மனசுக்குள் சேர்த்துக்கொண்டோம்.

மணியை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. ஃபின்லேயின் மனைவி ஏற்கெனவே எழுதியிருந்தாள், "கடல் தெரிஞ்சவங்க ஊர்ல இருக்கட்டும்" என்று. யாரும் மறுக்கவில்லை. போர்ட்லாஸி கோயிலுக்கு வருகிறது. நான்தான் கொண்டுவருகிறேன்.

கடற்படை உங்கள் படகைத் திருப்பித் தந்துவிட்டது, எஞ்சினுக்கு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வருகிறேன். பின்னால் மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்று ஊரார் சொல்வார்கள், சொல்லட்டும். வாளியை நானே கொண்டுவந்துவிடுகிறேன். படகில் கறுப்புக் கோட்டுக்காரரின் பதவிப் பெயரை வாய் தவறியும் சொல்ல மாட்டேன், இது சத்தியம்.

நேற்று மணிக்குள் கை விட்டுத் தடவிப் பார்த்தேன். எல்ஸ்பெத்தின் பெயருக்குக் கீழே வழவழவென்று கொஞ்சம் இடம் இருக்கிறது. அக்டோபரில் இன்னொரு பெயருக்கு நமக்கு அது தேவைப்படும். ஆக்னஸ் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை என்றால், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். செவிட்டு ஜேம்ஸிடம் மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை
டங்கன் ரெய்ட் (பின்னோட்டி)